உள்ளறைக் காற்று

தன்பாத் பக்கம்,
12-8-1963

அன்புள்ள அண்ணிக்கு,

சக்கரபாணி வணக்கத்துடன் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த புளிசாதம் விஜயவாடா வரைக்கும் வந்தது. வேர்க்கடலையை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை ஹவுரா தாண்டியும் இருந்தது. அண்ணனுக்கு ரயில்வே லோகோ ஷெட்டில் நசுங்கிய விரல் எப்படி இருக்கிறது?

இது முழுக்க நிலக்கரி பூமி. சுரங்கத்திலிருந்து கரியோடு வெளியே வரும் உதவாத கல்லையும் மண்ணையும் ஊருக்கு வெளியே கொட்டிக் கொட்டி, நம் ஊர்ப் பக்கத்துப் பனமலைக் குன்று போல நாலைந்து எழுந்து நிற்கின்றன. அவை தாமாகவே தீப்பற்றி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கின்றன. மழை பெய்தால் குன்று பூராவும் புகைகிறது. அந்தக் குப்பையில்தான் எனக்கு வேலை.

"எம்.எஸ்ஸி. படிச்சிட்டு குப்பையக் கிளறப் போறானா?" என்று அண்ணன் கேட்டாரே, அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கழிவை எரித்த சாம்பலில் ஜெர்மேனியம் என்று ஓர் உலோகம் மிகக் கொஞ்சமாக ஒளிந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு உயிரே அதுதான். நமக்கு இப்போது கப்பலில் வருகிறது. சாம்பலை அமிலத்தில் ஊறவைத்து, அதோடு வேறொரு திரவத்தைச் சேர்த்துக் குலுக்கினால், ஜெர்மேனியம் அமிலத்தை விட்டு அந்தத் திரவத்துக்குள் போய்விடும். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அடியில் நிற்பதை வடித்துக்கொள்ள வேண்டியதுதான். சொல்ல எளிது. இந்தக் கம்பெனியில் இதுவரை கண்ணால் காணும் அளவு யாரும் எடுத்ததில்லை. நான் எடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் வேலையில் சேர்ந்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சக்கரபாணி


விழுப்புரம்,
3-9-1963

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி தையல்நாயகி எழுதுவது. இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று தெரியாமல் கவலையாக இருக்கிறது. உங்கள் அண்ணன் விரல் கட்டைப் பிரித்துவிட்டார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "குப்பையில ரேடியோ இருக்குதாமா? அப்ப எனக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லு" என்கிறார்.

தம்பி, ஒரு விஷயம். என் தம்பி வீரமுத்துவை உங்களுக்குத் தெரியும். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு ஆட்டும் காலத்தில் வேலை, மற்ற நாளில் சும்மா சுற்றுவது என்று இருக்கிறான். பத்தாவது பாஸ் செய்தவன். அவனுக்குத் திண்டிவனத்தில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். மல்லாட்டை மண்டி முத்துசாமியின் மகள் விசாலாட்சி. அவர்களுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முத்துசாமி ஒரே பேச்சாக நிற்கிறார். "மாசச் சம்பளம் வாங்கறவனா இருந்தா ஜல்தியா முடிச்சுடலாம். ஆலையில வெல்லம் காச்சறவனுக்கு எப்படிம்மா குடுக்கறது?" என்கிறார்.

எங்கள் அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். உங்கள் கம்பெனியில் ஏதாவது ஒரு வேலையில் அவனை நுழைத்துவிட்டால், அவன் குடும்பம் ஒன்று உண்டாகிவிடும். உங்களிடம் இருப்பான் என்றால் எனக்கும் பயமில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அண்ணி,
தையல்நாயகி


தன்பாத் பக்கம்,
20-11-1963

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் சுகம், உங்கள் தம்பியும் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

வீரமுத்துவை என் சோதனைக்கூடத்திலேயே உதவியாளாகப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சமையல் அவன். இங்கே கேப்பை மாவு கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்து, களி கிண்டி, பக்கத்து வீட்டு பிகார்க்காரருக்கும் கொடுத்து அவரைத் திணற அடித்துவிட்டான். எனக்கு இன்னும் இந்தி வாயில் வரவில்லை. அவன் கைகாலை ஆட்டியே ஊரைப் பழக்கிக்கொண்டான்.

வேலையும் நன்றாகச் செய்கிறான். உள்ளறையில் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறோம். அமிலத்தோடு கார்பன் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தைச் சேர்த்து அவன் குலுக்குவான். வடித்தெடுத்ததை நான் முன்னறையில் வைத்துப் பரிசோதிப்பேன். தீப்பிடிக்காத திரவம், அதனால் அந்தப் பயம் வேண்டாம். இனிப்பாக ஒரு வாசனை வரும். "மச்சான், வெல்லப் பாகு வாசன மாதிரியே கீது" என்று சிரிக்கிறான்.

முதலில் ஒரு தொல்லை இருந்தது. வெளியே பறக்கும் கரித்தூள் உள்ளே வந்து குடுவையில் விழுந்து, ஒரு நாள் வந்த முடிவு மறுநாள் வரவில்லை. அதனால் உள்ளறை ஜன்னல்களை மூடிக் காகிதம் ஒட்டிவிட்டோம். இப்போது முடிவுகள் மாறாமல் வருகின்றன.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சக்கரபாணி


விழுப்புரம்,
2-1-1964

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? பனி அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தது. கம்பளி வாங்கினீர்களா?

நல்ல செய்தி. முத்துசாமி வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். தை கடைசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் பார்த்திருக்கிறோம். நீங்களும் வீரமுத்துவும் சேர்ந்து லீவு போட்டு வாருங்கள். விசாலாட்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "அவரு அங்க இன்னா வேல பாக்கறாரு?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய எண்ணெய், தண்ணீர்க் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

வீரமுத்து கார்த்திகைக்குப் பிறகு ஒரு கார்டு கூடப் போடவில்லை. கல்யாணக் களை வந்ததும் அக்காவை மறந்துவிட்டானா என்று கேளுங்கள்.

உங்கள் அண்ணி,
தையல்நாயகி


தன்பாத் பக்கம்,
14-1-1964

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கல் வணக்கம். எல்லோருடைய நலத்தையும் வேண்டுகிறேன்.

அண்ணி, எடுத்துவிட்டோம்! வடித்த திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கியபோது வெள்ளையாகக் கலங்கியது. வடிகட்டிக் காயவைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒரு தூள், ஒரு சிட்டிகை. ஜெர்மேனியத்தின் ஆக்ஸைடுதான். மறுபடியும் மறுபடியும் சோதித்துப் பார்த்துவிட்டேன். இதை இன்னும் பக்குவம் செய்தால் உலோகமாகிவிடும். மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிப் பேசினார். பெரிய அளவில் செய்ய ஒரு கூடம் கட்டப் போகிறார்களாம். என் பெயரில் ஒரு கட்டுரையும் வெளிவரும். புகையும் குப்பைக்குள்ளிருந்து இப்படி ஒன்று வரும் என்று நான் உள்ளூர நம்பினேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியவில்லை.

வீரமுத்துவுக்கு இப்போது லீவு கிடைப்பது சிரமம். நிச்சயத்தை மாசிக்குத் தள்ளி வைத்தால் நல்லது. அவனுக்குக் கொஞ்சம் பசி மந்தமாக இருக்கிறது. மோர்சாதம்தான் சாப்பிடுகிறான்.

அன்புடன்,
சக்கரபாணி


விழுப்புரம்,
25-1-1964

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். வெள்ளைத் தூளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம்தான். என் தம்பியைப் பற்றிக் கடைசியில் சொருகிவிட்டீர்கள். பசி மந்தம் என்றால் என்ன? காய்ச்சலிலும் களி கேட்கிறவன் அவன். அவனே ஒரு வரி எழுதாததற்குக் காரணம் என்ன? கைக்கு என்ன வந்தது?

உங்கள் அண்ணன், "ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கற? ஆம்பளப் பசங்க, வேல சாஸ்தி" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. திண்டிவனத்துக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

உங்கள் அண்ணி,
தையல்நாயகி


தன்பாத் பக்கம்,
6-2-1964

அண்ணிக்கு,

வணக்கம். வீரமுத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிருக்குப் பயமில்லை என்று இன்று காலைதான் டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட பிறகே எழுத உட்கார்ந்தேன்.

மார்கழியிலேயே தலைவலி என்பான். கரிப்புகையால் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டியது. நான் உங்களுக்குப் பொங்கல் கடிதம் எழுதியபோது அவன் கண் மஞ்சளாக இருந்தது. சாதாரண மஞ்சள்காமாலை, நாலு நாளில் சரியாகிவிடும், உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அப்புறம் கால் வீங்கிச் சிறுநீர் நின்றுபோனது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது வீக்கம் வடிகிறது.

"குடிப்பானா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். நம் ஊரில் மதுவிலக்கு இருக்கிறது, இங்கே கிடையாது. சம்பள நாளில் சுரங்கத்து ஆட்களோடு இலுப்பைப்பூச் சாராயம் குடித்திருக்கிறான். நானும் கூட இருந்திருக்கிறேன். "அப்ப குடிதான்" என்று கம்பெனியில் பேச்சை முடித்துவிட்டார்கள். அது இல்லை, அண்ணி. அந்த இனிப்பு வாசனைத் திரவம்தான். மூச்சில் ஏறி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. குடியும் சேர்ந்தால் இன்னும் மோசம். தீப்பிடிக்குமா என்று மட்டும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போனவன் நான். மூடிய அறையில் நாள் முழுக்க அவன் நின்றான். நான் முன்னறையில் காற்றாட உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனை அனுப்புங்கள். பிரயாணம் செய்யும் நிலைக்கு வந்ததும் ஊருக்குக் கூட்டிப்போகட்டும்.

சக்கரபாணி


விழுப்புரம்,
20-3-1964

சக்கரபாணிக்கு,

இருவரும் நேற்று வந்து சேர்ந்தார்கள். வீரமுத்து பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிக்கொள்கிறான்.

தையல்நாயகி


தன்பாத் பக்கம்,
15-5-1964

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கார்டு கிடைத்தது. அண்ணன் சௌக்கியமா, நீங்கள் சௌக்கியமா என்று கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். வீரமுத்து எப்படி இருக்கிறான்?

இங்கே நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உதவியாளுக்குக் குடியால் நோய் வந்தது என்று அறிக்கை கொடுக்கச் சொன்னார். அப்படிக் கொடுத்தால் புதுக் கூடம் உடனே எழும்பும், கட்டுரையும் வரும். நான் வேறு மாதிரி எழுதினேன். நோய்க்குக் காரணம் திரவத்தின் ஆவி, காற்று வராத அறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, ஜன்னல்களை மூடச் சொன்னது நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "உனக்கு உன் வேலையில் அக்கறை இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளறையைப் பூட்டிவிட்டார்கள். நான் விடாமல் கேட்டு, சுவர் இல்லாத ஒரு கொட்டகையில் மண்ணெண்ணெயை வைத்துச் செய்துபார்த்தேன். அதற்குள்ளும் ஜெர்மேனியம் போகிறது. முன்போல முழுசாக இல்லை, கொஞ்சம் குறைவு. கரித்தூள் விழுந்தால் திரும்பச் செய்கிறேன். நெருப்பு அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இப்படிச் செய்ய வழி இருந்தது, அண்ணி. அப்போதே தேடியிருக்கலாம்.

கம்பெனி இதில் ஆர்வம் காட்டவில்லை. வெளிநாட்டில் ரேடியோக்காரர்கள் வேறு உலோகத்துக்கு மாறுகிறார்களாம். என்னைச் சாதாரணக் கரி சோதிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

சக்கரபாணி


விழுப்புரம்,
8-8-1964

சக்கரபாணிக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, எழுந்து போய்விட்டேன். இன்றும் அது தீர்ந்து எழுதவில்லை. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன்.

வீரமுத்து எழுந்து நடமாடுகிறான். கண்ணில் மஞ்சள் போய்விட்டது. கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் இருந்து லீவில் வந்த ஒருவன், அவன் குடித்துக் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொண்டான் என்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டான். முத்துசாமி ஆள் அனுப்பி, "சம்பந்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

உங்கள் அண்ணன் போய்ச் சொல்லிப் பார்த்தார். "மச்சினனுக்கு நீங்க பரிஞ்சுதான பேசுவீங்க?" என்று கேட்டார்களாம். வீரமுத்துவோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "வேணாங்க்கா, குடிகாரனுக்கு இன்னாத்துக்குச் சோறு?" என்றான். உடம்பு தேறி வருகிற நேரத்தில் இது அவனைத் தின்கிறது.

அறிக்கை எழுதினேன் என்றீர்கள். அது கம்பெனிக்கு எழுதியது. திண்டிவனத்துக்கு யார் சொல்வது? கடிதம் போட வேண்டாம். நேரில் வந்து முத்துசாமி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தையல்நாயகி


சென்னை, சென்ட்ரல்,
30-8-1964

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நேற்றுத் திண்டிவனம் போனேன். கல்கத்தா மெயிலுக்கு நேரம் இருக்கிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முத்துசாமி மண்டியில் இருந்தார். நான் யார் என்றதும் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பின்பக்கம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே யாரோ மல்லாட்டை உரிக்கும் சத்தம் கேட்டது.

"அவன் குடிச்சானா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

"குடிச்சான். சம்பள நாள்ல, மத்தவங்களோட. நானும் கூடக் குடிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவல. அவன் மூடின ரூம்ல மருந்தோட நின்னுக்கினு இருந்தான். நான் வெளிய இருந்தேன். அவன் படுத்ததுக்கு அதுதான் காரணம்."

"ஜன்னல மூடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"ஏன் மூடச் சொன்னீங்க?"

"கரித்தூள் உள்ள வந்தா எங்க சோதனை தப்பாப் போவும்னு."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க சோதனை சரியா வந்துதா?" என்று கேட்டார்.

"வந்துதுங்க" என்றேன். மேனேஜர் கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன், அண்ணி. இந்தக் கேள்வியைக் கேட்டு ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"சரி, அவன் ஒடம்பு இனிமே தாங்குமா? என் பொண்ணக் குடுக்கலாமா?"

"தேறிக்கினு வர்றான்னு அண்ணி எழுதியிருக்காங்க. உறுதியாச் சொல்ல என்னால முடியாதுங்க. டாக்டரத்தான் கேக்கணும்."

"அப்ப எதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?"

"அவனக் குடிகாரன்னு சொல்றாங்களே. அது பொய்னு சொல்லத்தான்."

மல்லாட்டை உரிக்கும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவர் மோர் கொடுக்கச் சொன்னார். ஓர் அம்மாள் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். அவர் வாசல் வரைக்கும் வந்தார். முடிவு ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தால் விழுப்புரம் போகும் வண்டி நின்றிருந்தது. அது கிளம்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இந்தப் பக்கம் வரும் வண்டியில் ஏறிவிட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சக்கரபாணி


விழுப்புரம்,
2-10-1964

அன்புள்ள தம்பி சக்கரபாணிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அண்ணன் கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

நீங்கள் போன மறுவாரம் முத்துசாமி பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார், சொல்லாமல் கொள்ளாமல். வீரமுத்துவை வாசல் வெளிச்சத்துக்கு வரச் சொல்லி, கண் இமையைத் தன் கையாலேயே இழுத்துப் பார்த்தார், மாட்டைப் பார்ப்பது போல. எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு இரண்டு பேருமாக டாக்டரிடம் போய்விட்டு வந்தார்கள். ஒரு வருஷம் கவனமாக இருந்தால் பயமில்லை என்று டாக்டர் அவரிடமே சொன்னாராம்.

காப்பி குடிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இன்னும் மனசு ஆவலம்மா. நான் வேணாம்னுதான் சொன்னேன். எங்க வீட்டுப் பொண்ணு உங்க கொழுந்தன் வந்த அன்னிக்கி எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்துச்சு. 'குடின்னா வுட்டுடுங்க. சீக்குன்னா தேறட்டும், நான் இருக்கேன்'னுது. அது வாயத் தொறந்து இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல." வைகாசி வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைகாசியில் நடக்குமோ நடக்காதோ. அன்று வீரமுத்து தானாக இலை போட்டு உட்கார்ந்தான்.

உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மச்சான் மேல தப்பு இல்லன்னு நான் சொல்லமாட்டேங்க்கா. ஆனா ஆஸ்பத்திரியில என் வாந்திப் பாத்திரத்த எடுத்து ஊத்தி, பக்கத்துல குந்திக்கினு கெடந்தது அவருதான்" என்றான். நீங்கள் இதை எனக்கு எழுதவே இல்லை.

எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். உள்ளறையை நினைத்தால் இப்போதும் வருகிறது. அது என்னோடு இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் திண்டிவனம் வரைக்கும் வந்து, எங்கள் ஊருக்கு வரும் வண்டியை நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்களே, அதைப் படித்துவிட்டு உங்கள் அண்ணன் சாப்பிடாமலே ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கும் சோறு இறங்கவில்லை. நான் கோபப்படுவேன் என்றுதானே பயந்தீர்கள்? பட்டிருப்பேன். வாசலிலேயே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு இலை போட்டிருப்பேன்.

பொங்கலுக்கு லீவு சொல்லிவிடுங்கள். இந்தத் தரம் டிக்கெட்டை விழுப்புரம் வரைக்கும் எடுங்கள்.

உங்கள் அண்ணி,
தையல்நாயகி